தகரத்தையும் தோலையும் கொடுக்கலாம், உள்தாளைக் கொடுக்காதீர்கள்: பினாங்கு ஜார்ஜ்டவுன் டிரங்குப் பெட்டிப் பட்டறை

சூலியா தெருவிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், அஞ்சடியிலேயே (கடை முன்னால் இருக்கும் கூரையிட்ட நடைபாதை) பாதிக் கடையைப் பரப்பி வைத்திருக்கும் பட்டறை இது. பெயர்ப் பலகை கிடையாது. லோரோங் கூலிட் சந்தையில் பழைய சாமான் விற்பவர்களிடம் "டிரங்கு ரிப்பேர் எங்கே?" என்று கேட்டால் வழி சொல்லிவிடுவார்கள். உள்ளே இரண்டே பேர்: தகரம், மரம், பூட்டு பார்க்கும் தமிழர் ஒருவர், தோல் வேலைக்கு ஒரு சீனப் பெரியவர். பெட்டியின் வயதைக் கணித்து எழுதித் தருவது, சீர்செய்வது, சீர்செய்த பெட்டிகளை விற்பது என்று மூன்று வேலை நடக்கிறது. முதலாவதுக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை. ஆனால் தாளில் எழுதித் தரும் ஆண்டை அப்படியே நம்பிவிட வேண்டாம். இரண்டாவதில் பாதி அருமை, பாதி ஆபத்து. மூன்றாவதைத் தவிர்க்கலாம்.

மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட பெட்டிகள் மூன்று. கித்தான் போர்த்தி மரப்பட்டி அடித்த கேபின் டிரங்கு ஒன்று. பச்சைப் பெயின்டில் பூ எழுதிய மதராஸ் தகரப்பெட்டி ஒன்று. பித்தளைப் பூண் போட்ட சீனக் கற்பூர மரப்பெட்டி ஒன்று. பினாங்கில் வீட்டு மாடிகளில் கிடப்பவை பெரும்பாலும் இந்த மூன்று ரகம்தான்.

கணிப்புக்கு 60 வெள்ளி (ரிங்கிட்). அரை மணி நேரம், அந்தத் தமிழரே கண்முன்னாலேயே பார்க்கிறார். பார்க்கும் வரிசை சரியானது: முதலில் பெட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கம், அடுத்து கீல், அடுத்து பூட்டு, கடைசியில்தான் லேபிள். நம்மவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வோம். லேபிளைப் பார்த்ததுமே ஒரு கதை மனத்தில் உட்கார்ந்துவிடும், பிறகு ஆணியும் ஸ்க்ரூவும் என்ன சொன்னாலும் காதில் ஏறாது. அடிப்பக்கத்துக்கு யாரும் பெயின்ட் அடிப்பதில்லை, பாலிஷ் போடுவதில்லை. பெட்டி பிறந்த கோலத்தில் இருக்கும் ஒரே இடம் அதுதான்.

ஆணியில் பார்க்க வேண்டியது தண்டு. தகட்டிலிருந்து வெட்டிய சதுரத் தண்டு ஆணி பழையது. 1890-களிலிருந்து உருண்டைத் தண்டு கம்பி ஆணி அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மர ஸ்க்ரூ என்றால் நுனி முக்கியம். 1846-க்கு முந்தைய ஸ்க்ரூவின் நுனி மொட்டையாக இருக்கும்; கூர்நுனி அதற்குப் பிறகு வந்தது. தலையில் பிளஸ் வெட்டு இருந்தால் 1930-களின் நடுப்பகுதிக்கு முன்னால் போகவே முடியாது.

இதைத்தான் ஒரு வாடிக்கையாளரிடம் அவர் சொன்ன விதம் நன்றாக இருந்தது. "எங்க தாத்தா 1890-ல கப்பல்ல கொண்டுவந்த பெட்டி தம்பி" என்றார் அந்த அம்மா. இவர் டார்ச்சைக் கீலின் மேல் பிடித்து, "தாத்தா அப்பவே வந்திருப்பாரும்மா. இந்த ஸ்க்ரூ அவருக்கு ரொம்ப நாள் கழிச்சு வந்திருக்கு" என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் அரைகுறை. கீலைச் சுற்றிக் காலியாக இருந்த நான்கு பழைய துளைகளையும் காட்டினார். கீல் மட்டும்தான் மாற்றியது, பெட்டி அதற்கு மூத்தது. ஓர் உறுப்பின் வயது அந்த உறுப்புக்கு மட்டுமே சொந்தம். சுற்றிலும் வெறும் துளை இருக்கிறதா என்று பார்த்த பிறகே அதைப் பெட்டியின் கணக்கில் சேர்க்க வேண்டும். பழைய சாமான் கடைகளில் இந்தத் துளைகளை மெழுகும் மரத்தூளும் கலந்து அடைத்திருப்பார்கள். நகத்தால் கீறினால் தெரிந்துவிடும்.

இவ்வளவு தெரிந்தவர் கேபின் டிரங்கில் சறுக்கியிருக்கிறார். எழுதித் தந்த தாளில் "1898" என்று இருக்கிறது. காரணம், பூட்டின் முகத் தகட்டில் பேட்டன்ட் ஆண்டாக அது பொறித்திருக்கிறது. பேட்டன்ட் ஆண்டு என்பது அந்தப் பொறிமுறைக்கு உரிமை வாங்கிய ஆண்டு. அதே பூட்டை இருபது முப்பது வருடம் அதே எழுத்துகளோடு வார்த்துத் தள்ளுவார்கள். அதற்கு முன்னால் இல்லை என்று மட்டுமே அது சொல்லும். அதே தகட்டில், கிரீடத்துக்குக் கீழே 'ஜி.ஆர்.' என்ற அரச முத்திரை எழுத்துகள் இருக்கின்றன. விக்டோரியா காலமாக இருந்தால் 'வி.ஆர்.' என்று இருந்திருக்கும், அது 1901-உடன் முடிகிறது. 'ஜி.ஆர்.' என்றால் ஐந்தாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்த 1910-க்குப் பிறகு. பூட்டைச் சுற்றி வெறும் துளை இல்லை; ஆகவே பூட்டு பெட்டியோடு பிறந்தது. உள்தட்டு பிளைவுட், அதுவும் டிரங்குகளில் பரவலானது அந்தக் காலத்துக்குப் பிறகுதான். பெட்டியில் எங்கும் பிளஸ் ஸ்க்ரூ இல்லை. எல்லாவற்றையும் சேர்த்தால் 1910-க்குப் பிறகு, பெரும்பாலும் 1930-களின் கடைசிக்குள் நிற்கிறது. 1898 என்பது பன்னிரண்டு வருடமாவது பிசகு.

லேபிள் இதை மறுக்கவில்லை, ஆனால் குறுக்கவும் இல்லை. மூடியில் பாதி கிழிந்து நிற்பது ரஜூலா கப்பல் லேபிள். ரஜூலா 1926-இல் கட்டிய கப்பல்; மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஓடி 1973-இல் இந்தத் தடத்தை விட்டது. சேருமிடம் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று எழுதியிருக்கிறது. அந்தத் துறைமுகம் 1972-இல் போர்ட் கிள்ளான் ஆகிவிட்டது. ஆக, அந்தப் பயணம் 1926-க்கும் 1972-க்கும் நடுவில். பெட்டி அதற்குப் பல வருடம் முன்னாலேயே பிறந்து, இரண்டாவது மூன்றாவது கைக்கு மாறியிருக்கலாம். ஊர்ப் பெயர்களும் இப்படித்தான் உதவும். 'ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மென்ட்ஸ்' (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த பிரிட்டிஷ் குடியேற்றம்) என்றால் 1946-க்குள். 'ஃபெடரேஷன் ஆஃப் மலாயா' என்றால் 1948-க்கும் 1963-க்கும் இடையில். சிதம்பரம் கப்பல் லேபிள் என்றால் 1985 தீ விபத்துக்கு முந்தைய பத்துப் பன்னிரண்டு வருடம். 'நாட் வான்ட்டட் ஆன் வாயேஜ்' என்று அச்சடித்த சீட்டு ஒட்டியிருந்தால் அந்தப் பயணத்தில் பெட்டி கப்பலின் அடித்தளத்தில் கிடந்தது என்று பொருள். கேபின் டிரங்கு என்றே பெயர் வாங்கிய, படுக்கைக்கு அடியில் நுழைவதற்காக 14 அங்குல உயரத்துக்குள் செய்த பெட்டியில் அந்தச் சீட்டைப் பார்ப்பது ஒரு வேடிக்கைதான்.

இனி சீரமைப்பு. பட்டறையின் பலம் தகரம். தகரப்பெட்டிக்குத் துரு எடுக்கும் முறையைப் பார்த்தாலே தெரிகிறது. பெயின்ட் இருக்கும் இடத்தில் அமிலம் தொடவே இல்லை. வெறும் தகடு தெரியும் இடத்தில் பித்தளைக் கம்பி பிரஷ், அடுத்து நாலு சைபர் (0000) என்ற மிக நுண்ணிய இரும்புக் கம்பளியில் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்ப்பு. ஆழத் துருவுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, துணியில் நனைத்து இருபது நிமிடம் போர்த்தி வைக்கிறார். பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரில் துடைத்து, அந்தக் கையோடு ஹேர் டிரையரால் காயவைக்கிறார். அந்தக் கையோடு என்பதுதான் இதில் முக்கியம். நம் ஊர் ஈரத்தில் அமிலம் தொட்ட தகடு, தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் ஆரஞ்சு பூத்துவிடும். காய்ந்ததும் மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு மெலிதாக ஒரு பூச்சு.

மடித்து அடித்த ஓர மடிப்புகளில் தண்ணீரையே விடுவதில்லை. இது பலருக்குத் தெரியாத விஷயம். மடிப்புக்குள் போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. மேலே பளபளப்பாகி ஆறு மாதத்தில் உள்ளிருந்து வெடித்து வரும் துரு எல்லாம் இப்படி வந்ததுதான். அங்கே டானிக் அமிலம் கலந்த துரு மாற்றியைத் தூரிகை நுனியால் தொட்டு வைக்கிறார். துரு நீலம் கலந்த கறுப்பாக மாறி அடங்கிவிடுகிறது. பச்சைப் பெயின்டை உப்புத்தாள் போட்டு உரசாததற்கும் ஒரு சபாஷ். பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உலர்ந்த தூளாக மூச்சில் போனால் கேடு, அதோடு பூ வேலையும் போய்விடும்.

தோல் வேலை இதைவிட மேல். கேபின் டிரங்கின் இரண்டு பக்கப் பிடியும் தொட்டாலே செம்மண்போல் உதிர்ந்தன. தோல் அந்த நிலைக்குப் போன பிறகு எண்ணெய் தடவுவது பிணத்துக்கு மருந்து கொடுப்பது போல. கறுத்துப் பிசுபிசுக்குமே தவிர உரம் திரும்பாது. பெரியவர் பழைய பிடிகளை அளவுக்கு எடுத்துக்கொண்டு, தாவரப் பதனிட்ட 4 மில்லிமீட்டர் தோலில் புதிதாக வெட்டி, நடுவில் கயிறு வைத்து, மெழுகிட்ட லினன் நூலால் அங்குலத்துக்கு ஆறு தையல் போட்டுத் தந்தார். குரோம் பதனிட்ட தோல் மலிவு, ஆனால் எடை தூக்கத் தூக்க நீண்டுகொண்டே போகும். அதை அவர் கடைக்குள்ளேயே வைப்பதில்லை. ஒரு சோடி 180 வெள்ளி. நிறம் பழையதோடு ஒட்டவில்லை, வெளிர் பழுப்பாகத் தனியே தெரிகிறது. சாயம் போட்டு ஒட்டவைக்கவா என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இரண்டு மூன்று வருடத்தில் தானே கறுக்கும். அதுவரை எது புதிது எது பழையது என்று பார்ப்பவருக்குத் தெரிவதில் தவறில்லை.

பிடியின் தொப்பியை அடிக்கும் ஆணியும் சரியான ஆணி: மிருதுவான இரும்பு, பலகையின் கனத்தைவிட அரை செண்டிமீட்டர் நீளம். உள்ளே ஒருவர் கனத்த இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க, வெளியே இன்னொருவர் அடிக்கிறார். நுனி இரும்பில் மோதி வளைந்து மரத்துக்குள்ளேயே திரும்பிக் குத்திக்கொள்கிறது. ஹார்ட்வேர் கடைச் சாதாரணக் கம்பி ஆணியை இப்படி வளைக்கப் பார்த்தால் பாதி ஒடியும், மீதி மரத்தைப் பிளக்கும். ஒற்றை ஆளாக வீட்டில் முயல்பவர்கள் தோற்பதும் இங்கேதான்.

மரப்பட்டிகளில் ஒன்றரை மில்லிமீட்டர் துளைகள், கீழே முகப்பவுடர் போன்ற தூள். வண்டு உயிரோடு இருக்கிறதா, போய்விட்டதா என்று தெரிய, கறுப்புத் தாளின் மேல் இரண்டு வாரம் வைத்துப் பார்க்கிறார். புதுத் தூள் விழுந்தால் உயிர் உண்டு. விழுந்தது. பட்டிகளைக் கழற்றி பாலித்தீனில் இறுக்கிச் சுற்றி, கடைப் பின்புறத்தில் இருக்கும் பழைய ஐஸ்கிரீம் பெட்டிக்குள் மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் போட்டுவிட்டார். மருந்து வாசம் இல்லை, கறை இல்லை. வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்கக் கூடாது. பனி வேர்ப்பது பாலித்தீனின் மேல் வேர்த்துக் காயட்டும் என்று ஒரு நாள் முழுக்க அப்படியே வைத்திருந்தார். முழுப் பெட்டி அந்த ஐஸ் பெட்டியில் நுழையாது என்பதுதான் குறை. சட்டமே உளுத்திருந்தால் இந்தப் பட்டறையில் அதற்கு வழி இல்லை.

கற்பூர மரப்பெட்டியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மரமே பூச்சியை அண்டவிடாது. மூலைப் பொருத்து ஒன்று விட்டிருந்தது, ஒட்டித் தந்தார். பூண்களில் மட்டும் சிக்கல்.

பித்தளை என்று கண்டால் இவருக்குக் கை சும்மா இருப்பதில்லை. புளி தேய்த்து, அதன் மேல் மெட்டல் பாலிஷ். குத்துவிளக்குக்கு அது சரி. புளியின் அமிலத்தில் நெடுநேரம் ஊறும் பித்தளையிலிருந்து துத்தநாகம் இறங்கிவிடும். பூண்களில் இரண்டு இப்போது லேசாக ரோஜா நிறம் காட்டுகின்றன. பாலிஷ் வெள்ளைப் பொடியாகத் தலை ஆணிகளைச் சுற்றி உறைந்து நிற்கிறது. கேபின் டிரங்கில் சேதம் இன்னும் மோசம். அதன் மூலைத் தகடுகள் பித்தளையே அல்ல, இரும்பின் மேல் பித்தளை முலாம். ஒரு காந்தத்தை வைத்திருந்தாலே தெரிந்திருக்கும். பாலிஷ் போட்ட இரண்டு மூலைகளில் முலாம் போய் இரும்பு எட்டிப் பார்க்கிறது. கொடுக்கும்போதே "பித்தளையில் கை வைக்காதீர்கள், தூசி துடைத்து மெழுகு மட்டும் போதும்" என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது.

மெருகும் இதே கதைதான். கேட்காவிட்டால் பாலியூரித்தேன் அடித்துவிடுகிறார். சீக்கிரம் காயும், பளிச்சென்று இருக்கும், வெளியே விற்பனைக்கு நிற்கும் பெட்டிகள் எல்லாவற்றிலும் அதுதான். பிறகு உரிக்க வேண்டி வந்தால் கித்தானும் சேர்ந்து உரியும். செல்லாக் (அரக்கு மெருகு) கேளுங்கள். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 240 கிராம் அரக்குச் செதில், மூன்று மெல்லிய பூச்சு. தேவைப்பட்டால் ஸ்பிரிட்டாலேயே கரைத்து எடுத்துவிடலாம். செய்யத் தெரியாதவர் அல்ல, மரப்பட்டிகளில் அழகாகச் செய்திருக்கிறார். ஆனால் அது காற்றின் ஈரத்தோடு மல்லுக்கட்டும் வேலை. மழை நாளில் பூசினால் பால் கொட்டியது போல் வெள்ளை படரும். எங்கள் பெட்டியிலும் ஒரு பட்டியில் படர்ந்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் இரண்டு இழுப்பில் சரியாக்கினார். முடிந்தால் பினாங்கு காய்ந்திருக்கும் ஜனவரி, பிப்ரவரியில் கொடுங்கள்; செப்டம்பர், அக்டோபர் வேண்டாம். கித்தானில் கையால் எழுதிய பெயர் இருந்தால் அந்த இடத்தை விட்டுப் பூசச் சொல்லுங்கள், மை ஸ்பிரிட்டில் கரைந்து ஓடலாம்.

பூட்டு திறக்கக் கம்பி விட்டு நெம்புவதில்லை. துவாரத்தைச் சுற்றிப் பொறித்திருக்கும் சாவி எண்ணைப் பார்த்து, டப்பாவில் இருக்கும் பழைய சாவிகளில் ஒன்றைத் தேய்த்துப் பொருத்துகிறார். 50 வெள்ளி.

கடைசியாக, இந்தப் பட்டறையை மன்னிக்க முடியாத ஒரு விஷயம். தகரப்பெட்டியின் உள்ளே பூஞ்சணம் பிடித்த பூப்போட்ட தாள் ஒட்டியிருந்தது. அதற்கு அடியில் செய்தித்தாள் அடுக்கு. நம் வீடுகளில் பெட்டிக்கு அடித்தாள் போடுவது வழக்கம்தானே. ஈரத் துணி போட்டு ஊறவைத்துச் சுரண்டி எல்லாவற்றையும் ஒரே குப்பைப் பையில் போட்டுவிட்டார்கள். பையில் மிஞ்சிய துண்டுகளில் ஒன்றில் 'தமிழ் நேசன்' தலைப்பின் பாதி தெரிகிறது. அந்த ஏடு 1924-இல் கோலாலம்பூரில் தொடங்கியது. தேதி இருக்கும் பக்கம் கூழாகிவிட்டது. அந்தப் பச்சைப் பெட்டியில் பூட்டு எழுத்து இல்லை, கப்பல் லேபிள் இல்லை, ஆணியும் இல்லை. எல்லாம் மடிப்பும் ரிவெட்டும். அது எப்போது இந்த நாட்டில் இருந்தது என்று உறுதியாகச் சொல்லியிருக்கக் கூடிய ஒரே சாட்சி அந்தத் தாள்தான். அதற்குப் பதிலாக இப்போது உள்ளே பத்திக் துணி, மைதாப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்து ஒட்டியிருக்கிறது. துத்தம் இராமபாணப் பூச்சியைத் தடுக்கும் என்பது பழைய பைண்டிங் கடைப் பழக்கம். பூச்சி வராதுதான், ஆனால் நாளடைவில் துத்தமே தாளையும் துணியையும் பழுப்பாக்கி நொறுக்கும்.

உள்தாளை வீட்டிலேயே முடித்துவிட்டுப் பெட்டியைக் கொடுப்பது நல்லது. முகமூடி போட்டுக்கொண்டு, வெளியே, காலை எட்டு மணி வெயிலில் மூடியைத் திறந்து வையுங்கள். பத்து மணிக்கு மேல் வேண்டாம், உச்சி வெயிலில் மரப்பட்டி வெடிக்கும், தோல் சுருளும். மென்மையான தூரிகையால் பூஞ்சணத்தை வேக்குவம் குழாயின் வாய்க்குத் தள்ளுங்கள். தாள் கெட்டியாக இருந்தால் அங்கேயே விட்டுவிடலாம். உரிந்து தொங்கும் தாளைக் கையால் பிரித்து, ஒவ்வோர் அடுக்கையும் படம் எடுத்து, தட்டையாக வையுங்கள். ஒட்ட வேண்டியிருந்தால் மெத்தில் செல்லுலோஸ் பசை. பெட்டி திரும்பி வந்த பிறகு சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, இரண்டு அங்குலக் கட்டை மேல் நிறுத்தி, உள்ளே அரைக் கிலோ சிலிக்கா ஜெல் பை. டிரங்கு காற்றுப் புகாத டப்பா இல்லை, ஆகவே சில வாரத்தில் ஜெல் நிறம் மாறிவிடும். 120 டிகிரி அவனில் இரண்டு மூன்று மணி நேரம் வாட்டித் திரும்பப் போடலாம். பாச்சை உருண்டை வேண்டாம், அந்த வாசம் உள்தாளை விட்டுப் போகவே போகாது.

மொத்தச் செலவு: கேபின் டிரங்கு 940 வெள்ளி, தகரப்பெட்டி 420, கற்பூரப்பெட்டி 260. ஆறு வாரம் என்று சொன்னது ஒன்பது வாரம் ஆனது. வண்டுக்கும் மழைக்கும் போன நாட்களைக் கழித்தால் நியாயம்தான். விற்பனைக்கு நிற்கும் பெட்டிகள் 1,200 வெள்ளியிலிருந்து தொடங்குகின்றன: புதுத் துணி, புது மெருகு, பளபளக்கும் மூலைகள், சீட்டில் ஓர் ஆண்டு. அந்த ஆண்டை எதை வைத்துச் சரிபார்ப்பது என்று தேடினால் பெட்டிக்குள் ஒன்றும் மிஞ்சியிருக்காது. அதே காசுக்கு லோரோங் கூலிட்டிலோ, கோலாலம்பூர் பக்கம் இருப்பவர்கள் அம்கோர்ப் மால் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலோ அழுக்குப் பெட்டி ஒன்றை வாங்கி, தகரத்துக்கும் பிடிக்கும் மட்டும் இங்கே கொண்டுவரலாம்.

கழற்றிய ஆணி, பழைய பிடி, கிழிந்த தாள் எல்லாவற்றையும் தனிப் பையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். முன்கூட்டியே கேட்டால் முகம் சுளிக்காமல் தருகிறார். கேட்காவிட்டால் சாயங்காலமே அஞ்சடிக் குப்பைத் தொட்டிக்குப் போய்விடுகிறது.